கார் கூரையில் இருக்கிற ரெயிலை நம்பிப் பாரம் ஏற்றாதீர்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் பக்கம் யாராவது காருக்கு மேல் கேரியர் போடப் போகிறீர்கள் என்றால், கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 6,500 ரூபாய் போனது. பனிச்சரிவில் சறுக்கக் காலில் மாட்டுகிற நீளப் பலகை, ஸ்கீ, அதில் ஒரு ஜோடி போனது. கார் கூரையில் நான்கு ஓட்டை விழுந்தது. அதெல்லாம்கூடப் போகட்டும். எங்கள் பின்னால் வந்த பைக்கில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. அதை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் இருக்கிறவனுக்கு ஸ்கீ எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். வேலைக்காக ஆறு வருடம் ஆஸ்திரியாவில், இன்ஸ்ப்ருக்கில் இருந்தோம். அங்கே குளிர்காலத்தில் டவுன் பஸ்ஸிலேயே ஆட்கள் ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுவார்கள். நானும் மனைவியும் அங்கேதான் கற்றுக்கொண்டோம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பிவிட்டோம், ஸ்கீயும் கூடவே வந்தது. இப்போது வருடத்துக்கு ஒரு தடவை, பிப்ரவரியில், காஷ்மீரில் இருக்கிற குல்மர்க் போகிறோம். இந்த வருடம் பெரிய மகளுக்கும் ஒரு ஜோடி சேர்ந்துவிட்டது.

இதற்கு முன்பெல்லாம் பின்சீட்டில் ஒரு பக்கத்தை மடித்து, ஸ்கீயை உள்ளேயே நீட்டி வைத்துத் திருச்சி ஏர்போர்ட் போய்விடுவோம். இந்தத் தடவை நான்கு பேர், நான்கு பெட்டி, மூன்று ஜோடி ஸ்கீ. உள்ளே இடமே இல்லை. சரி, மேலே கேரியர் போட்டுவிடலாம் என்று ஊரில் ஒரு கார் அக்சஸரீஸ் கடைக்குப் போனேன்.

எங்கள் காரின் கூரையில் இரண்டு பக்கமும் வெள்ளி நிறத்தில் நீளவாக்கில் ஒரு கம்பி உண்டு, அதைத்தான் ரெயில் என்கிறார்கள். கடைக்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கம்பெனி ரெயில் சார், 75 கிலோ தாராளமா தாங்கும்" என்றார். இரண்டு குறுக்குக் கம்பியை அந்த ரெயிலிலேயே கிளாம்ப் போட்டு இறுக்கினார். ஸ்கீ என்றால் என்ன, எவ்வளவு நீளம், காற்று எப்படிப் பிடிக்கும் என்று நான் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். "ரெண்டு பலகைதானே சார், இதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க?" பில் கேட்டேன். பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும் என்றார். ஜிபேயில் 6,500 ரூபாய் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அதில் தப்பு என்னுடையதுதான்.

இந்த "ரெண்டு பலகைதானே" என்கிற பேச்சு ஸ்கீ வைத்திருக்கிற எல்லாருக்கும் எரிச்சல் தருவது. சரிவின் மேலே ஏற்றிவிடுகிற லிஃப்டுக்கான வரிசையில் பின்னால் நிற்கிறவர் நம் ஸ்கீயின் மேல் ஏறி மிதிக்கும்போது வருகிற அதே எரிச்சல். ஸ்கீயின் நடுவில் மரம், அடியில் வழுக்குகிற பிளாஸ்டிக், இரண்டு ஓரத்திலும் மெல்லிய இரும்பு விளிம்பு. அந்த விளிம்பு கூராக இருந்தால்தான் உறைந்த சரிவில் திரும்பவும் நிற்கவும் முடியும். ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் அடியில் உரசினால் கீறல் விழும். அதனால் அடியோடு அடி சேர்த்து, இடையில் ஒரு பட்டை கொடுத்துக் கட்ட வேண்டும். பூட்ஸைப் பிடிக்கிற பைண்டிங்கில் ரோட்டுத் தூசியும் மண்ணும் ஏறினால், விழுகிற நேரத்தில் அது சரியாகக் கழன்று கொடுக்காது, கால் போய்விடும். காவிரிக் கரை ஈரத்தில் விளிம்பு ஒரே மாதத்தில் துருப் பிடிக்கும் என்பதால், பருவம் முடிந்ததும் அடியிலும் விளிம்பிலும் மெழுகைக் கனமாகப் பூசிச் சுரண்டாமல் அப்படியே விட்டுத்தான் அலமாரியில் வைக்கிறோம். இவ்வளவு பார்த்துப் பார்த்து வைக்கிற பொருள் அது.

கிளம்புகிற அன்று காலையில் நானேதான் கட்டினேன். வளைந்த முனை காரின் பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், முன்னால் இருந்தால் காற்று அடியில் புகுந்து தூக்கும். அதையும் சரியாகத்தான் வைத்தேன். ஸ்கீ, அதைப் போட்ட பை, பட்டை எல்லாம் சேர்த்து 20 கிலோகூட வராது. பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர் வரை ஒரு சத்தமும் இல்லை. அறுவடை நேரம், ரோடெல்லாம் வைக்கோல் வண்டி, 40, 50க்கு மேல் போகவே முடியவில்லை. தஞ்சாவூர் தாண்டி நான்கு வழிச் சாலை வந்ததும் 90 தொட்டேன்.

செங்கிப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் தலைக்கு மேல் "டப்" என்று ஒரு சத்தம். அப்புறம் தகரம் கிழிகிற மாதிரி. முன்பக்கக் குறுக்குக் கம்பி ரெயிலோடு சேர்ந்து அப்படியே பெயர்ந்து மேலே எழும்பிவிட்டது. பை வலது பக்கம் சாய்ந்து, ஒரு முனை ரோட்டில் இழுபட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு பைக், ஒருவர், அவருக்கு முன்னால் டேங்க் மேல் நான்கைந்து வயதுப் பையன். அவர் சட்டென்று மண் ஓரத்தில் இறக்கிவிட்டார். விழவில்லை. அவரிடம் ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவரும் திட்டவில்லை, பையனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது.

பின்னாலேயே வந்த வைக்கோல் லாரியின் டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். பெயர்ந்து கிடந்த ரெயிலைப் புரட்டிக் காட்டினார். அடியில் நான்கு பிளாஸ்டிக் கிளிப், நீளத்துக்கு இரட்டை ஒட்டு டேப், அவ்வளவுதான். ஒரு போல்ட்கூட இல்லை. "தம்பி, இது அழகுக்கு ஒட்டினது. இதுல போயி பாரம் கட்டுவாங்களா?" என்றார். அவரே கயிறு கொடுத்து, பையை உள்ளே ஏற்றி, மகளின் மடிக்கு மேலாகக் குறுக்கே படாமல் ஓரமாகக் கட்டிக் கொடுத்தார். பிரேக் போட்டால் உள்ளே இருக்கிற ஸ்கீயும் ஈட்டி மாதிரி முன்னால் பாயும், அதனால் உள்ளே வைத்தாலும் சீட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். அதை அவர் நான் சொல்லாமலே செய்தார். பெட்டிகளில் இரண்டை அவரிடமே கொடுத்து ஏர்போர்ட் வாசலில் வாங்கிக்கொண்டோம். பணம் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

மனைவியின் ஸ்கீயில் ஒன்று விளிம்பு வளைந்து, மேல்தோல் உரிந்து, பைண்டிங் முன்பகுதி விரிசல் விட்டிருந்தது. குல்மர்க்கில் வாடகைக்குத்தான் எடுத்தோம். அந்த நாட்களைப் பற்றி எழுத இப்போது மனம் இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். பழைய அம்பாசிடரில் கதவுக்கு மேலே தண்ணீர் வழிய ஒரு தகர ஓரம் இருக்கும், கேரியர் அதைக் கவ்விக்கொண்டு நிற்கும். அந்த ஓரம் காரின் உடம்போடு சேர்ந்தது, அதனால் தாங்கியது. இப்போது வருகிற பல கார்களில் அந்த ஓரம் கிடையாது. அதற்குப் பதிலாக ஒட்டியிருக்கிற ரெயில் சில கார்களில் கூரையின் இரும்போடு போல்ட் போட்டது, பல கார்களில் வெறும் அலங்காரம். ஒரே மாடலில்கூட வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறலாம். ரெயிலுக்கு அடியில் விரல் நுழைந்தால் அது நிஜ ரெயில் என்று பலர் சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். என் காரில் விரல் நுழைந்தது. காரோடு கொடுத்த கையேட்டில் கூரைப் பாரம் எத்தனை கிலோ என்று பாருங்கள். எண் இல்லை என்றாலோ, ரெயிலில் எதையும் கட்டக் கூடாது என்று போட்டிருந்தாலோ (என் கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது, நான் பிறகுதான் படித்தேன்) அதோடு விட்டுவிடுங்கள். எண் இருந்தாலும் கேரியரின் எடையும் அதற்குள் அடக்கம். இன்னொன்று, 45இல் போகும்போது காற்று தருகிற விசை 90இல் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். தஞ்சாவூர் வரை தாங்கிய கேரியர் செங்கிப்பட்டியில் பெயர்ந்ததற்குக் காரணம் அதுதான். ஸ்கீ என்று இல்லை, ஏணி, மெத்தை, பிவிசி பைப் எதற்கும் இதே கணக்கு.

ஊர் திரும்பியதும் கடைக்குப் போனேன். "நீங்க வேகமாப் போனது உங்க தப்பு" என்றார் முதலில். நான் பெயர்ந்த ரெயிலைக் காட்டியதும் குரல் இறங்கியது. "ஃப்ரீயாவே சரி பண்ணித் தர்றேன் சார்" என்று காரை வாங்கி வைத்துக்கொண்டார். சாயங்காலம் ரெயில் கச்சிதமாக நின்றது. நானும் நம்பிவிட்டேன். கேரியரை மறுபடி மாட்ட மட்டும் விடவில்லை.

ஐப்பசி அடைமழையில் விஷயம் வெளியே வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு காருக்குள் ஈர வாடை. உள்கூரைத் துணியில் தேநீர்க் கறை போல நான்கு வட்டம். சர்வீஸ் சென்டரில் ரெயிலைக் கழற்றினால், கூரைத் தகரத்தில் நேராக நான்கு செல்ஃப் ஸ்க்ரூ! மேலே கொஞ்சம் சிலிக்கான் தடவி மூடியிருக்கிறார். வெயிலில் சிலிக்கான் விட்டுப் போய், ஓட்டையைச் சுற்றித் துருவும் ஏறிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிங்கரிங், பெயின்டிங், உள்துணி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் ஆனது.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாததால் ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் அவர் விலை சொன்ன செய்தி, ஸ்க்ரூவின் படங்கள், சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த தாள், இவைதான் என் ஆதாரம். இதில் தீராவிட்டால் தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். 5 லட்சம் வரை மதிப்புள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கடையின் பெயரை அந்தத் தீர்ப்பு வரும்வரை இங்கே எழுதவில்லை. தயவுசெய்து யூகித்துக் கேட்காதீர்கள், ஊரில் நேர்மையான கடைகளும் இருக்கின்றன.

அதே மாதிரி கேரியரை யாராவது ஏற்கெனவே போட்டிருந்தால், அல்லது ரெயிலை எங்காவது "டைட்" பண்ணக் கொடுத்திருந்தால், இந்த மழை முடிவதற்குள் ரெயிலுக்கு நேர் கீழே உள்துணியைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் பட்டால் உடனே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நேற்று மாலை கடைக்காரர் போன் செய்தார். எங்கேயும் எழுதாமல் இருந்தால் 6,500ஐத் திருப்பித் தருகிறாராம். டிங்கரிங் செலவையும் சேர்த்து எழுத்தில் கேட்டிருக்கிறேன், எழுதாமல் இருக்க முடியாது என்றும் சொல்லிவிட்டேன்.