பென்டிரைவில் பெயர் இருக்கும், படம் இருக்காது: பழைய டிஸ்க்கை மாற்றக் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

"பழைய கேசட், சி.டி., டி.வி.டி. பென்டிரைவில் ஏற்றித் தரப்படும்" என்ற போர்டு இப்போது மதுரையில் ஜெராக்ஸ் கடை, மொபைல் கடை, ஸ்டுடியோ என்று எங்கே பார்த்தாலும் தொங்குகிறது. அப்படி ஒரு கடையில் எங்கள் வீட்டு டிஸ்க்குகளைக் கொடுத்து, பணமும் போய், ஒரு டிஸ்க் கெட்டும் போய்விட்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயர் தெரிந்து அந்த ஒரு கடையைத் தவிர்ப்பதால் மட்டும் தப்பித்துவிட முடியாது. அவர்கள் என் தலையில் கட்டிய போலி பென்டிரைவ் மாதிரிச் சரக்கு எங்கேயும் கிடைக்கிறது.

டிஸ்க்கிலிருந்து மாற்றவேண்டியது அவசியம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வீட்டில் டி.வி.டி. பிளேயர் படுத்துவிட்டது. புது லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. எழுதக்கூடிய புளூ-ரே டிஸ்க் தயாரிப்பதை 2025 பிப்ரவரியோடு சோனியே நிறுத்திவிட்டது. வீட்டில் எழுதின டிஸ்க், கடையில் எழுதின டிஸ்க் பெரும்பாலானவற்றில் தகவல் நிற்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் வெக்கையும் பட்டால் அது வெளுக்கும். நம் ஊர் பீரோவுக்குள் பத்துப் பதினைந்து வருஷம் கிடந்த டிஸ்க் இன்னும் ஓடுகிறதென்றால் சந்தோஷப்பட்டு, உடனே நகல் எடுத்துவிட வேண்டும்.

எங்களிடம் இருந்தவை: தங்கச்சி கல்யாணம் மூன்று டி.வி.டி., அப்பாவின் அறுபதாம் கல்யாணம், பாண்டி கோவிலில் நடந்த காதுகுத்து வி.சி.டி., இன்னும் சில விசேஷங்கள், அப்பா வாங்கி வைத்திருந்த நாதஸ்வர ஆடியோ சி.டி.கள். கடையில் டிஸ்க்குக்கு 100 ரூபாய் சொன்னார்கள். "ஃபுல் எச்.டி.யா மாத்தணும்னா கூட 150 ஆகும் சார், இப்ப இருக்கிற டிவிக்கு அதுதான் நல்லாருக்கும்" என்றார் கடைக்காரர். பென்டிரைவ் நாம் வாங்கிப் போகக்கூடாதாம், வைரஸ் வருமாம். அவர்களே 512 ஜி.பி. ஒன்று 900 ரூபாய்க்குத் தருவார்களாம். பாக்கெட்டில் கம்பெனிப் பெயர் என்று ஒன்று இருந்தது, நான் கேள்விப்படாத பெயர். துண்டுச்சீட்டில் தொகையை எழுதி, கீழே ரப்பர் ஸ்டாம்ப். பில் கேட்டதற்கு, "ஜி.எஸ்.டி. போட்டா கூட வரும் சார், உங்களுக்கு எதுக்கு" என்றார். நான் ஜிபேயில் பணம் கட்டினேன். பின்னால் அதுதான் கைகொடுத்தது.

டெலிவரி அன்று கடைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுக் காட்டினார்கள். எல்லா விசேஷமும் தனித்தனி ஃபோல்டர், பெயர்கூடத் தமிழில் அடித்திருந்தார்கள். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஃபைலை ஏற்றிய அதே கம்ப்யூட்டரில், பென்டிரைவைக் கழற்றாமல் ஓட்டிக் காட்டினால் அது பென்டிரைவிலிருந்துதான் வருகிறது என்று சொல்ல முடியாது. இப்போதுதான் ஏற்றிய ஃபைலைக் கம்ப்யூட்டர் தன் மெமரியிலேயே கொஞ்ச நேரம் வைத்திருக்கும், அங்கிருந்து எடுத்துக் காட்டிவிடும். கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ராத்திரி வீட்டு டிவியில் சொருகினேன். கல்யாணத்தின் முதல் பகுதி, மாப்பிள்ளை அழைப்பு, நன்றாகவே ஓடியது. இரண்டாவதும் ஓடியது. மூன்றாவதில் இரண்டாம் பந்தியில் ஒருவர் ரசம் வாளியோடு குனிகிறார், அப்படியே நின்றுவிட்டது. தள்ளித் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. அதற்கப்புறம் இருந்த எதுவுமே திறக்கவில்லை. அறுபதாம் கல்யாணம், காதுகுத்து, எல்லாம் பெயர் இருக்கிறது, 5 ஜி.பி., 6 ஜி.பி. என்று அளவு காட்டுகிறது, உள்ளே ஒன்றுமில்லை.

இது எப்படி நடக்கிறது என்று எங்கள் தெருவில் லேப்டாப் சர்வீஸ் செய்யும் தம்பி விளக்கினான். பென்டிரைவுக்குள் இரண்டு சமாச்சாரம் உண்டு. ஒன்று, தகவலைச் சேமிக்கும் சிப். இன்னொன்று, அந்த சிப்பை நிர்வகிக்கும் கன்ட்ரோலர். என்னிடம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இந்தக் கன்ட்ரோலர்தான். அதற்குள் இருக்கும் புரோகிராமை மாற்றி எழுதிவிட்டால் 16 ஜி.பி. சிப்பை வைத்துக்கொண்டு 512 என்று சொல்லும், கம்ப்யூட்டரும் நம்பும். பத்து ரூம் இருக்கிற லாட்ஜ்காரன் முந்நூறு சாவி செய்து மாட்டி வைத்தது மாதிரி. ரூம் தீர்ந்த பிறகு வருகிற தகவலைச் சில பென்டிரைவ் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். சிலது முதலில் எழுதியதன் மேலேயே எழுதி அதையும் கெடுத்துவிடும். ஃபைல்களின் பெயரும் அளவும் உள்ள பட்டியல் மட்டும் சிப்பின் தொடக்கத்திலேயே இருப்பதால் அது பத்திரமாக நிற்கும். அதனால்தான் ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் இருப்பதுபோலத் தெரிகிறது. "ஏற்றும்போது எந்த எர்ரரும் வரல" என்று கடைக்காரர் சொன்னது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. வராதுதான், வரக்கூடாது என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

ஓடிய ஃபைல்களை முதலில் வேறு ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்துவைத்துவிட்டு, தம்பி அதைச் சோதித்தான். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச புரோகிராம், ஜெர்மனியின் சி'டி பத்திரிகைக்காரர்கள் வெளியிட்டது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன: பென்டிரைவ் நிறையும்வரை எழுதுவது, பிறகு எழுதியதை ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பது. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தோம். சாயங்காலம் வரைக்கும் ஓடியது. முடிவில் வந்த சிவப்பு எழுத்துப்படி ஒழுங்காக இருந்தது 14 ஜி.பி. சொச்சம். மீதி அத்தனையும் குப்பை.

இது போதாதென்று இன்னும் இரண்டு கூத்து. நாதஸ்வர சி.டி. ஃபோல்டரில் 'டிராக்01' முதல் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றும் 1 கே.பி. அரை மணி நேர ராகம் 1 கே.பி.யில் எப்படி அடங்கும்? ஆடியோ சி.டி.யைக் கம்ப்யூட்டரில் திறந்தால் சி.டி.ஏ. என்ற பெயரில் குட்டிக் குட்டி ஃபைல்கள் தெரியும். அவை பாட்டு அல்ல, பாட்டு டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டும். அதை இழுத்துப் போட்டுவிட்டு டிஸ்க்குக்கு 100 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். ஆடியோ சி.டி.யைப் பாட்டு ஃபைலாகப் பிரித்தெடுக்கத் தனி புரோகிராம் வேண்டும், இலவசமாகவே இருக்கிறது, ஒரு சி.டி.க்குச் சில நிமிஷ வேலை. அடுத்தது அந்த ஃபுல் எச்.டி. நம் ஊர் டி.வி.டி.யில் படத்தின் அளவே 720க்கு 576 புள்ளிதான். அதை 1920க்கு 1080 ஆக இழுத்தால் ஃபைல் பெருக்குமே தவிர, எடுக்காத புள்ளி எங்கிருந்து வரும்? முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல் இருக்கிறது. டிஸ்க்கில் உள்ளதை அப்படியே நகல் எடுத்திருந்தால் பார்க்கவும் நன்றாக இருந்திருக்கும், இடமும் குறைந்திருக்கும்.

மறுபடி கடைக்குப் போனேன். "சார்" இப்போது "அண்ணே" ஆகிவிட்டது.

"அண்ணே, நாங்க குடுக்கும்போது ஓடுச்சுல்ல? நீங்களும்தானே பாத்தீங்க. டிவியில அப்படியே புடுங்கி எடுத்திருப்பீங்க, கரப்ட் ஆயிருக்கும்."

14 ஜி.பி.தான் இருக்கிறது என்று சோதனை முடிவை போனில் காட்டினேன். அதைப் பார்க்கவே இல்லை. "அதெல்லாம் நெட்ல கண்டதச் சொல்லுவாய்ங்கண்ணே. குடுங்க, ஃபார்மட் அடிச்சா சரியாயிரும்" என்று கையை நீட்டினார். கொடுக்கவில்லை. ஃபார்மட் அடித்தால் இருக்கிற ஆதாரமும் போகும், பொய் சொல்லும் கன்ட்ரோலர் மட்டும் அப்படியே இருக்கும். திரும்ப ஏற்றித் தாருங்கள், நான் வேறு பென்டிரைவ் தருகிறேன் என்றேன். ஏற்றியது எதையும் கம்ப்யூட்டரில் வைத்திருக்க மாட்டார்களாம், அழித்துவிட்டார்களாம். சரி, என் டிஸ்க்கையாவது கொடுங்கள் என்றதற்கு உள்ளேயிருந்து ஒரு கேரிபேக் வந்தது. உறை எதுவும் இல்லை. இட்லித் தட்டு மாதிரி அடுக்கக்கூட இல்லை, சும்மா கொட்டிக் கட்டியிருந்தார்கள். யாருடையவோ பூப்புனித நீராட்டு விழா டிஸ்க் ஒன்றும் அதில் கலந்து வந்தது. அதைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் குடும்பத்துக்கு அது போய்ச் சேர்ந்ததா, தெரியாது.

டிஸ்க்குகளில் வரிசை எண் போட்டிருந்தார்கள், பால்பாயின்ட் பேனாவால், அழுத்தி. இதுதான் எனக்கு ரொம்ப வயிற்றெரிச்சல். டி.வி.டி.யில் தகவல் இருக்கும் அடுக்கு இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவே இருக்கிறது, அதனால் மேலே எழுதினாலும் பெரும்பாலும் தப்பித்துவிடும். சி.டி., வி.சி.டி. அப்படியில்லை. பெயர் எழுதும் பக்கத்துக்கு அடியில், மெல்லிய பூச்சுக்குக் கீழே தகவல் இருக்கிறது. கீழ்ப்பக்கக் கீறலையாவது தேய்த்துச் சமாளிக்கலாம், மேல்பக்கம் போனால் போனதுதான். காதுகுத்து வி.சி.டி.யை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் அவர்கள் எழுதிய 7 என்ற எண் வெளிச்சமாகத் தெரிகிறது. அந்த இடத்தில் கண்ணாடிப் பூச்சு உரிந்துவிட்டது. தம்பி யு.எஸ்.பி. டிஸ்க் டிரைவ் ஒன்றை வைத்து அந்தந்த டிஸ்க்குக்கு ஏற்ற புரோகிராமில் விடாமல் படிக்கவிட்டுப் பார்த்தான். டி.வி.டி.கள் எல்லாம் வந்துவிட்டன, நாதஸ்வரமும் வந்துவிட்டது. காதுகுத்தில் கிடா வெட்டும் பந்தியும் கொஞ்சம் துண்டுதுண்டாக வந்தன. மடியில் வைத்துக் காது குத்துகிற பகுதி வரவில்லை. படம் எடுத்த ஸ்டுடியோவை எப்போதோ மூடிவிட்டார்கள்.

பேச்சுவாக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன், அதே கடையில் இன்னொன்றும் விற்கிறார்கள்: "விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், எல்லாம் ஒரே பென்டிரைவில், லைஃப்டைம், 500 ரூபாய்". ஏற்றுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் எதையும் கம்ப்யூட்டருக்குள் விடாதீர்கள். விண்டோஸை நிறுவும் ஃபைல்களை மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே காசில்லாமல் இறக்கலாம், 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்று இருந்தால் அவர்கள் கருவியே அதைத் தயார் செய்து கொடுத்துவிடும். காசு லைசென்ஸுக்குத்தான். பிரின்டரோடு வந்த டிரைவர் சி.டி.யைப் பென்டிரைவில் மாற்றித் தருவதாகச் சொல்லி ஒருவரிடம் அங்கே பணம் வாங்கிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். அந்த டிரைவர், கம்பெனி தளத்தில் புதுசாகவே கிடைக்கும்.

கடையில் பேசிப் பிரயோஜனமில்லை என்றானதும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். தமிழிலேயே பேசலாம். துண்டுச்சீட்டு, ஜிபே ரசீது, சோதனை முடிவின் படம், டியூப்லைட்டில் பிடித்த டிஸ்க்கின் படம் எல்லாம் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு கடையிலிருந்து போன் வந்தது, பென்டிரைவ் காசு 900ஐ மட்டும் திருப்பி அனுப்பினார்கள். மாற்றும் கூலியைப் பற்றிப் பேச்சே இல்லை. "டிஸ்க் பழசுண்ணே, அதுக்கு நாங்க என்ன பண்றது" என்கிறார்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் வரையான விஷயத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், கேட்கும்போது குரல் கொஞ்சம் தெம்பாக வரும்.

கடையில்தான் கொடுத்தாகவேண்டும் என்றால் பெயர் தெரிந்த கம்பெனியின் பென்டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ நீங்களே பில்லோடு வாங்கி, வீட்டில் சோதித்துவிட்டுக் கொண்டுபோங்கள். கடைக்காரர் உங்கள் பென்டிரைவ் வேண்டாம் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். எச்.டி. வேண்டாம், உள்ளது உள்ளபடி வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். டிஸ்க் மேல் எழுதக்கூடாது, எண் போடுவதென்றால் உறை மேல் போடட்டும். நல்ல பென்டிரைவாகவே இருந்தாலும் அது ஒன்றை மட்டும் நம்பி அலமாரியில் போட்டு வைக்காதீர்கள். ஃபிளாஷ் சிப்பில் தகவல் மின்னேற்றமாக நிற்கிறது, கரன்ட் காட்டாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் மெல்லக் கசியும். நான் இப்போது ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, தங்கச்சி வீட்டில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். டிவிக்கு மட்டும்தான் பென்டிரைவ்.

அந்தக் கடைச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: டெலிவரி எடுத்து 15 நாளுக்குள் டிஸ்க்கைக் கேட்டு வாங்காவிட்டால் கடை பொறுப்பல்ல. சமீபத்தில் எந்தக் கடையிலாவது கொடுத்தவர்கள் பென்டிரைவைச் சோதிப்பதைக்கூட அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போய் டிஸ்க்கை எண்ணி வாங்கிக்கொண்டு வாருங்கள்.