பல்லாரட்டா, பெண்டிகோவா? குடும்பத்தோடு எந்தத் தங்கச் சுரங்கத்துக்குப் போவது

மெல்பர்னிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று பார்த்தால், எப்போதும் இரண்டு இடங்கள்தான் போட்டிக்கு வரும். பல்லாரட்டில் சாவரின் ஹில், சுமார் 115 கி.மீ. பெண்டிகோவில் சென்ட்ரல் டெபோரா, சுமார் 150 கி.மீ. இரண்டு ஊருக்கும் ரயில் உண்டு. தூரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒன்று தங்க வேட்டைக் காலத்து ஊர், மற்றது நிஜச் சுரங்கம்.

சாவரின் ஹில் 1970-ல் திறக்கப்பட்ட திறந்தவெளி அருங்காட்சியகம். 1850-களின் தெரு, கடை, குதிரை வண்டி, மிட்டாய் காய்ச்சும் இடம் எல்லாம் அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். நிதானமாகப் பார்க்க ஐந்து மணி நேரமாவது வேண்டும். இறங்கிப் பார்க்கச் சுரங்கமும் உண்டு. ரெட் ஹில் சுரங்கத்தில் நாமாகவே நடந்து போகலாம். 1858-ல் பல்லாரட்டில் கிடைத்த, கிட்டத்தட்ட 69 கிலோ எடையுள்ள 'வெல்கம்' தங்கக் கட்டியின் கதையை அங்கே சொல்கிறார்கள். ஆனால் படிகள் இருக்கின்றன. முட்டி வலி உள்ளவர்கள் யோசித்து இறங்க வேண்டும். மேலேயும் தரை ஏற்ற இறக்கமானது, சரளை போட்டது. சின்னச் சக்கர ஸ்ட்ரோலர் சிக்கிக்கொள்ளும்; பெரிய சக்கரம் உள்ளதை எடுத்துப் போங்கள். சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் துப்பாக்கி சுடும் சத்தம் கைக்குழந்தைகளைத் தூக்கிவாரிப்போடும். அந்த நேரத்தில் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

பிள்ளைகள் அங்கே ஒட்டிக்கொள்வது தங்கம் சலிக்கும் ஓடையில்தான். தட்டு அவர்களே தருவார்கள், கிடைத்த தங்கத்தை வீட்டுக்கே கொண்டுவரலாம். பலருக்கு ஒன்றும் அகப்படாததற்குக் காரணம் அவசரம். தட்டில் முக்கால் அளவு சரளை அள்ளி, தண்ணீருக்குள் அமிழ்த்தி, களிமண் கட்டிகளை விரலால் முழுக்கக் கரைக்க வேண்டும். கரையாத கட்டி தங்கத்தையும் சேர்த்துக் கொண்டு வெளியே போய்விடும். பெரிய கற்களைக் கழுவி எறிந்த பிறகு, தட்டைச் சாய்க்காமல் இடவலமாக நன்றாகக் குலுக்குங்கள். மணலைவிடத் தங்கம் ஏழு மடங்கு கனம், அதனால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் லேசாகச் சாய்த்து மேல் மணலைத் தண்ணீரோடு வழியவிட வேண்டும். மறுபடி குலுக்கல், மறுபடி சாய்ப்பு. குலுக்காமல் சாய்த்தால் எல்லாம் ஓடையோடு போச்சு. கடைசியில் ஒரு கரண்டி கருமணல் மிஞ்சும்போது மினுமினுப்பு தெரிந்தால், உள்ளங்கையால் நிழல் கட்டிப் பாருங்கள். நிழலிலும் மஞ்சளாகவே இருந்தால் தங்கம். திருப்பும்போது மட்டும் பளிச்சிட்டு மங்கினால் அது அப்பிரகம், அதாவது மைக்கா.

சென்ட்ரல் டெபோரா 1939 முதல் 1954 வரை வேலை நடந்த சுரங்கம். 412 மீட்டர் ஆழம், 17 தளங்கள், எடுத்த தங்கம் ஒரு டன்னுக்குச் சற்றே குறைவு. கூண்டில் ஏறி 61 மீட்டர் இறங்கி, வழிகாட்டியோடு நடக்கும் சுற்றுக்கு ஒன்றேகால் மணி நேரம். இன்னும் கீழே 85 மீட்டருக்குப் போகும் நீண்ட சுற்றும் உண்டு. இரண்டு ஊரிலும் முதலில் கிடைத்தது ஓடைப் படிவுத் தங்கம். இந்தச் சுரங்கத்திலோ குவார்ட்ஸ் எனும் வெள்ளைக் கல் பாறைக்குள் ஓடும் தங்கம். பாறையைத் துளைத்து, வெடித்து, மேலே கொண்டுவந்து இடிக்க வேண்டும். அந்தத் தூசு எத்தனையோ பேர் நுரையீரலைத் தின்றது. பத்து வயதுக்கு மேற்பட்ட, "ஏன், எப்படி" என்று கேட்கும் பிள்ளைக்கு இதைக் காட்டவே பெண்டிகோ போகலாம். கோலார் தங்கவயலின் கதை கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டிகளுக்கும் இங்கே மனசு நெகிழும். அங்கே சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது, 2001-ல் மூடினார்கள்.

ஆனால் மூடிய இடம் என்றால் மூச்சுமுட்டுபவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், இதயக் கோளாறு உள்ளவர் யாராவது ஒருவர் வீட்டில் இருந்தால், பெண்டிகோ பயணம் இரண்டாகப் பிரிந்துவிடும். அவர் மேலேயே இருப்பார். இயந்திர அறை பார்க்கலாம், அங்கிருந்தே கிளம்பும் பழைய டிராமில் ஊரைச் சுற்றலாம். நேரம் போகும், ஆனால் சேர்ந்து பார்த்த மாதிரி இருக்காது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு எங்கள் வாக்கு பல்லாரட்டுக்கே. எல்லோரும் இறங்க முடியுமென்றால் பெண்டிகோதான், சந்தேகமே வேண்டாம்.

பெண்டிகோ போகிறவர்கள் முதலில் சுற்றுக்கு நேரம் பதிவு செய்து, குறைந்தபட்ச வயதையும் கேட்டுவிட்டு, பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள். விரல் மூடிய ஷூ எல்லோருக்கும் வேண்டும். பல்லாரட்டுக்கு, கோடையிலும் ஒரு ஸ்வெட்டர். பிள்ளைகளுக்கு மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி. ஓடையை விட்டு அவர்கள் நனையாமல் வருவதில்லை. திரும்பும் வழியில் காட்டு ஓடையிலும் சலிக்கலாமே என்று அடம்பிடித்தால், விக்டோரியாவில் அதற்கு 'மைனர்ஸ் ரைட்' அனுமதி வாங்க வேண்டும். ஒருமுறை எடுத்தால் பத்து வருஷம் செல்லும்.