ஓசூரில் முற்றம் வைத்துக் கட்டிய பெண்கள் விடுதி

ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேரப்போகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். விடுதி தேடும்போது கட்டில், பாத்ரூம், வாடகை இந்த மூன்றைத்தான் எல்லாரும் பார்ப்போம். அரூரிலிருந்து வந்து நான் முதலில் தங்கிய இடத்தில் மூன்றுமே குறையில்லை. ஆனால் நீள வராண்டா, இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள். ரூமை விட்டால் உட்கார இடம் கிடையாது. எதிர் ரூம் ஒடிசா பெண்ணின் பெயர்கூடத் தெரியாமலே காலி செய்துவிட்டு வந்தேன்.

இப்போது இருக்கும் விடுதியில் நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். முற்றத்தின் நாலு பக்கமும் முழங்கால் உயரத் திண்ணை, மேலே நம் கிருஷ்ணகிரி கிரானைட் பலகை. சம்மணம் போட்டு உட்காரும் அகலம் இருக்கிறது. சாப்பாட்டுக்கூடம், துவைக்கிற கல், மாடிப்படி எதற்குப் போனாலும் இதைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால் புதிதாக வந்தவள் யாரையும் தெரியாவிட்டாலும் தூணோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். ஏன் தனியாக இருக்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது தட்டோடு பக்கத்தில் வந்து உட்காருவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகிற ஊர் இது. இங்கே இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொள்கின்றன. பாதி பேச்சு கைஜாடையில்தான், ஆனாலும் நடக்கிறது.

மார்கழியில் மட்டும் கல் ஐஸ் மாதிரி இருக்கும். பாய் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வாசல் திண்ணை. ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, அது சரிதான். அதற்காகப் பஸ் பிடித்து வருகிற அப்பாக்கள் கேட் வெளியே வெயிலில் பையோடு நிற்கவேண்டுமா? இங்கே கூரை போட்டு, தண்ணீர்க் குழாயும் வைத்து, வார்டன் அக்காவின் ஜன்னலையும் அந்தப் பக்கமே திறந்திருக்கிறார்கள். என் அப்பா கேழ்வரகு மாவைக் கொடுத்துவிட்டு நிதானமாகப் பேசிவிட்டுத்தான் கிளம்புவார்.

குறை ஒன்று உண்டு. கீழ்த்தள ஜன்னல்கள் அத்தனையும் முற்றத்தைப் பார்த்தே இருக்கின்றன. நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்களுக்கு அந்தச் சத்தம் பெரிய தொல்லை. கட்டும்போதே பின்பக்கமாகச் சில அறைகளை அவர்களுக்கென்று ஒதுக்கியிருக்க வேண்டும். இப்போது முற்றத்தின் மேல் ஷீட் போட்டு இன்னும் ரூம் எடுக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். எந்த விடுதிக்குப் போனாலும் கேளுங்கள். இங்கே ஆபீஸ் சுவரிலேயே மாட்டியிருக்கிறது. நைட் ஷிஃப்ட் என்றால் மாடியில் தெருப்பக்க அறை காலியாகும்வரை காத்திருந்து சேருங்கள்.