டப்ளினில் பப்புக்குப் போவதென்றால்

டப்ளினுக்கு வரும் நண்பர்கள் பெட்டியை இறக்கி வைத்ததும் கேட்பது, "டெம்பிள் பார் எப்போ போகலாம்?" நகர மையத்தில் பப்புகள் நிறைந்த பகுதி அது. வந்த புதிதில் நானும் அங்கேதான் போனேன். அந்தத் தெருவில் ஒரு கடையில் ஒரு பைன்டுக்கு, அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு கிளாஸ் பீருக்கு, 10 யூரோ வாங்கினார்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்ன சொன்னார் என்றே காதில் விழவில்லை. ஐரிஷ்காரர்கள் பப்புக்குப் போவதே பேசத்தான். பேச்சு கேட்காத பப்புக்கு நான் யாரையும் கூட்டிக்கொண்டு போவதில்லை.

நான் கூட்டிப்போகும் முதல் இடம் கிளாஸ்னெவினில் இருக்கும் ஜான் கேவனா. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், 'கிரேவ்டிகர்ஸ்', அதாவது குழி வெட்டுபவர்கள், என்றால்தான் தெரியும். கல்லறைத் தோட்டத்தின் பழைய வாசலை ஒட்டியே 1833 முதல் இருக்கிறது, அதே குடும்பம்தான் இன்றும் நடத்துகிறது. குழி வெட்டுபவர்கள் மண்வெட்டியால் சுவரைத் தட்டினால் உள்ளேயிருந்து பைன்ட் வெளியே வருமாம், அப்படி ஒரு கதை சொல்வார்கள். உள்ளே டிவி இல்லை, பாட்டு இல்லை. தேய்ந்த மரப்பலகைத் தரை, இருட்டான மரத்தடுப்புகள், அவ்வளவுதான். போன வருடம் சித்தப்பா வந்திருந்தபோது இங்கேதான் கூட்டிப்போனேன். அவர் குடிப்பதில்லை. ஒரு சோடாவை வைத்துக்கொண்டு, பக்கத்துப் பெஞ்சில் இருந்த ஒரு பெரியவரோடு மழையைப் பற்றியும் உருளைக்கிழங்கைப் பற்றியும் இரண்டு மணி நேரம் பேசினார்.

இங்கே கின்னஸ் என்ற கறுப்பு பீரை ஊற்றுவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து முக்கால் பங்கு ஊற்றிவிட்டு அப்படியே வைத்துவிடுவார்கள். அவசரப்படக் கூடாது. பழுப்பாகக் கலங்கி இருப்பது அடியிலிருந்து மெல்லக் கறுக்கும். குமிழிகள் கிளாஸின் ஓரமாகக் கீழே இறங்குவது போலத் தெரியும், அது கண்ணின் மயக்கம் இல்லை. நடுவில் குமிழிகள் மேலே ஏறும்போது ஓரத்தில் இருக்கும் பீர் கீழே இறங்குகிறது, நைட்ரஜன் குமிழிகள் மிகச் சின்னவை என்பதால் அதோடு சேர்ந்து இழுபட்டுப் போகின்றன. தெளிந்த பிறகுதான் மீதியை ஊற்றுவார்கள். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். அதற்குள் கையை நீட்டி கிளாஸை எடுத்துவிடாதீர்கள்!

சாப்பிட 'கோடில்' என்று கேளுங்கள். சாசேஜ், பேக்கன், உருளைக்கிழங்கு, வெங்காயம் போட்டு வேகவைத்த டப்ளின் வீட்டுச் சாப்பாடு. பார்க்க வெளிறிப் போய் இருக்கும், காரம் என்ற பேச்சே இல்லை. ஆனால் குளிர் நாளில் அந்தச் சாறு தொண்டையில் இறங்கும்போது வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றும்.

இசைக்கு ஸ்மித்ஃபீல்டில் இருக்கும் காபிள்ஸ்டோன். மேடை கிடையாது. வாசல் பக்கத்து மூலையில் இசைக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து தங்களுக்காகவே வாசிப்பார்கள்: ஃபிடில், புல்லாங்குழல், கான்செர்டினா. ஒருநாள் என் முழங்கைக்குப் பக்கத்திலேயே ஒரு பெண் இல்லன் பைப் என்ற ஐரிஷ் பைக்குழல் வாசித்தார். அதற்கு வாயால் ஊத வேண்டாம், இடுப்போடும் கையோடும் கட்டியிருக்கும் துருத்தியை முழங்கையால் அழுத்தி அழுத்திக் காற்று ஏற்றுகிறார்கள். ஒரு மெட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அவர் லேசாகத் தலையசைக்க, மொத்த வட்டமும் மாறியது. யாராவது தனியாகப் பாடத் தொடங்கினால் பப்பே அமைதியாகிவிடும், நீங்களும் பேச்சை நிறுத்திவிடுங்கள். 2021இல் இந்த இடத்தில் ஹோட்டல் கட்டத் திட்டம் வந்தபோது மக்கள் தெருவில் ஊர்வலம் போனார்கள், மாநகராட்சியும் அனுமதி மறுத்தது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நகர மையத்தை விட்டு நகர நேரமில்லை என்றால் பூல்பெக் தெருவில் மல்லிகன்ஸ் போதும், பைன்ட் அருமையாக இருக்கும். சவுத் ஆன் தெருவின் கியோஸில் 'ஸ்னக்' என்ற கதவு வைத்த குட்டி அறை உண்டு. பெண்கள் பாரில் நிற்பதை ஊர் ஏற்காத காலத்தில் இப்படிப்பட்ட அறைகளில்தான் உட்காருவார்களாம். மூன்று பேர் போனால் அதைப் பிடிக்கப் பாருங்கள். லாங் ஹாலின் கண்ணாடிகளும் சரவிளக்குகளும் அழகுதான், ஆனால் வெள்ளி இரவில் உள்ளே நிற்கவே இடமிருக்காது. நான் வார நாளில் மூன்று மணி வாக்கில்தான் போவேன்.

அப்புறம், தனித்தனியாகக் காசு கொடுக்கப் போகாதீர்கள். நாலு பேர் என்றால் ஒவ்வொருவரும் முறை வைத்து எல்லாருக்கும் சேர்த்து ஒரு ரவுண்டு வாங்க வேண்டும், உங்கள் முறை வரும்வரை இருந்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். சனிக்கிழமை நள்ளிரவு 12.30 வரை ஊற்றுவார்கள், ஞாயிறு 11 மணியோடு சரி. கையில் இருப்பதைக் குடித்து முடிக்க இன்னொரு அரை மணி நேரம் தருவார்கள்.