சேற்றில் நான்கு ஆண்டு ஓடிய ரீல்

போன வாரம் என் தூண்டில் ரீலை, அதாவது நரம்பைச் சுருட்டும் கருவியை, மறுபடி பிரித்துப் போட்டேன். பழுதென்று பிரித்த முந்தைய நான்கு முறையும் குற்றவாளி ஒன்றேதான். தூண்டில் நரம்பு வந்து திரும்பும் உருளை இருக்கிறதல்லவா, அதற்குள் உட்கார்ந்து அதைச் சுழலவிடும் குட்டி குண்டு பேரிங். வெளிவிட்டம் 7 மில்லிமீட்டர், உள்விட்டம் 4, தடிமன் இரண்டரை. சட்டைப் பித்தானைவிடச் சிறியது. நான்கு ஆண்டுகளில் நான்கு பேரிங்கைத் தின்றிருக்கிறது. இதே ரீலை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கையில் கிரீஸ் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். கோபம் ஆறிவிட்டால் நல்லவிதமாக எழுதிவிடுவேன்.

ரீலின் அளவு எண் 5000, மெல்லிய இழைகளைப் பின்னிய நரம்பு, கரையிலிருந்து வீசுவதற்கான நீள ராடு. இதற்கு மேல் விவரம் தேவையில்லை. கடலுக்கென்றே செய்தது என்று பெட்டியில் போட்டிருந்தார்கள். நான் நிற்கும் இடம் கடலும் இல்லை, ஆறும் இல்லை. கழிமுகம். ஓதம், அதாவது கடல் ஏற்றவற்று நீர், வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு, ஏறினால் தேநீர் நிறத்தில் தண்ணீர்.

மணற்கரையில் மீன்பிடிப்பவர்களுக்கு இந்த எரிச்சல் புரியாது. மணல் உள்ளே போனால் கரகர என்று உடனே சொல்லிவிடும். சேறு சொல்லாது. களிமண் துகள் ஒன்று 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. ஆறு சுமந்து வரும் இந்தத் துகள்கள் உப்புநீரைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிகின்றன. ஓதம் வந்து மறுபடி கலக்கிவிடுகிறது. அந்த பேரிங்கின் இரண்டு பக்கமும் மூடியிருக்கும் தகடு உள்வளையத்தைத் தொடுவதில்லை, மயிரிழை இடைவெளி விட்டே நிற்கிறது. நமக்கு மயிரிழை, களிமண்ணுக்கு அது ராஜபாட்டை.

பின்னல் நரம்பும் தன் பங்குக்கு உதவுகிறது. இழைகளுக்கு நடுவே தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு வந்து, உருளையில் அழுந்தி வளையும்போது பிழிந்துவிடுகிறது. ஈரத்துணியை முறுக்குவது போல, அதுவும் சரியாக பேரிங்கின் தலைமேல். ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உருளையின் விட்டம் 10 மில்லிமீட்டர், அதாவது ஒரு சுற்றுக்கு மூன்று சென்டிமீட்டர் சொச்சம். 60 மீட்டர் நரம்பைச் சுருட்டி எடுத்தால் உருளை ஏறத்தாழ 1,900 முறை சுழல்கிறது. ஒரு வீச்சுக்கு இது. ஒரு ஓதத்துக்கு இருபது வீச்சாவது வீசுவேன்.

இதில் என் முட்டாள்தனமும் உண்டு, மறைக்கவில்லை. ரீலோடு வந்த காகிதத்தில் உருளைக்கு அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லியிருந்தது. நல்ல பிள்ளையாக ஒவ்வொரு முறையும் விட்டேன். மெல்லிய எண்ணெயும் களிமண்ணும் சேர்ந்தால் கிடைப்பது சாணைப் பசை. முதல் இரண்டு பேரிங்கையும் நானே அரைத்துக் கொன்றிருக்கிறேன். மூன்றாவதில் எண்ணெயை விட்டுவிட்டு, நீர்புகாத கெட்டி கிரீஸை அடைத்து நிரப்பினேன். அது மட்டும் ஒன்றரை ஆண்டு தாங்கியது. குழாயை வேகமாகத் திறந்து ரீலைக் கழுவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த வேகமே சேற்றை உள்ளே தள்ளுகிறது. டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் பிடிப்பை) இறுக்கிவிட்டு, மேலாக ஊற்றித் துடைத்தால் போதும்.

நான்காவது பேரிங் போன விதம்தான் மறக்கவில்லை. அது முதலில் கத்தத் தொடங்கியது. கீச்சு, கீச்சு. பக்கத்தில் எப்போதும் நிற்கும் பெரியவர் ஒருவர், மரக்கட்டையில் சுற்றிய கைநரம்பு தவிர வேறெதுவும் தொடாதவர், "தம்பி, உன் மிஷின் அழுகிறது" என்றார். எண்ணெய் கேட்கிறது போலிருக்கிறது என்று சிரித்து மழுப்பினேன். அடுத்த வாரம் சத்தம் நின்றுவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உருளை சுழல்வதையே நிறுத்தியிருந்தது. அசையாத உருளையின் மேல் நரம்பு உரசி உரசி இழை பிரிந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. ஓதம் ஏறத் தொடங்கிய இரண்டாவது மணி நேரத்தில், ஓடை விளிம்பில் போட்டிருந்த இரையை ஒரு கொடுவா மீன் எடுத்தது. இரண்டு முறை துள்ளியது, தலையை உதறியது, அவ்வளவுதான். முள் முடிச்சில் அறுபடவில்லை, நடு நரம்பில் அறுந்தது. பெரியவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

இனி நியாயமாகப் பேசுகிறேன். போன ஆண்டு ஒருநாள் எனக்குப் பின்னால் இருந்த பள்ளம் நிரம்புவதைக் கவனிக்கத் தவறினேன். நீர் முதலில் முன்னால் ஏறாது, பின்னால் இருக்கும் பள்ளத்தில்தான் புகும். ஏற்றத்தின் பாதி உயரம், ஓதம் ஏறத் தொடங்கிய மூன்றாவது, நான்காவது மணி நேரங்களிலேயே வந்துவிடும் என்பது தெரிந்தும் நின்றேன். அவசரத்தில் முழங்கால் வரை புதைந்தது. ராடைக் குறுக்கே படுக்க வைத்து, அதன்மேல் முன்கைகளை ஊன்றி, காலை ஆட்டி ஆட்டித்தான் உருவினேன். ரீல் முழுதாகச் சேற்றுக்குள் இருந்தது. வீட்டில் பிரித்துப் பார்த்தால் பற்சக்கரப் பெட்டியில் ஒரு பொட்டு சேறு கிடையாது. டிராக்கின் கார்பன் வளையங்கள் புதிது போலவே வழுக்கின. கைப்பிடியில் இன்றுவரை ஆட்டமில்லை. இப்படி ஒரு உடம்பைச் செய்யத் தெரிந்தவர்கள்தான், நனைந்த நரம்பின் ஒவ்வொரு அங்குலமும் தொட்டுப் போகும் ஒரே இடத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் கோபம். மோசமான ரீலாக இருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன்.

ஆறு மாதத்துக்கு முன் பேரிங்கையே எடுத்துவிட்டு, அதே அளவில் ஒரு பிளாஸ்டிக் புஷ், அதாவது வெறும் வளையம், போட்டேன். குண்டுகள் இல்லை, துருப்பிடிக்க எதுவும் இல்லை. கொஞ்சம் உராய்வு கூடும் என்கிறார்கள். தூண்டிலின் ஈயக்குண்டோடு ஒரு கட்டி சேற்றையும் சேர்த்து இழுக்கிறவனுக்கு அதெல்லாம் தெரியாது. போன வாரம் பிரித்தது அதைப் பார்க்கத்தான். லேசான பளபளப்பு ஏறியிருந்தது, வேறொன்றும் இல்லை. துடைத்து, கிரீஸ் தடவி மாட்டினேன். இப்போது எழும் ஒரே ஓசை தண்ணீர் சொட்டுவதுதான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நகக்கண் அளவு பிளாஸ்டிக்கில் தீர்கிற ஒன்றுக்கு ஒரு கொடுவாவைக் கொடுத்தேனே என்றுதான் தோன்றுகிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். சேற்றுக் கரையில் நிற்பவருக்கு இது சரிப்படாது. "அப்படியானால் உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடு" என்று உடனே கேட்டார். பேச்சை மாற்றிவிட்டேன். வியாழக்கிழமை அமாவாசை, நீர் நன்றாக ஏறும். பையில் ஒரு மாற்று பேரிங் இன்னும் கிடக்கிறது. அதை வெளியே எடுத்து வைக்க மனம் வரவில்லை.