ஊர்வல மெட்டா, பிடித்த பாட்டா? ஒரு தலைவரின் இறுதிச் சடங்குக்கு எந்த இசை?

2022 செப்டம்பரில் இரண்டாம் எலிசபெத் அரசியின் சவப்பெட்டி லண்டன் தெருக்களில் போனபோது, உடன் நடந்த வீரர்கள் நிமிடத்துக்கு 75 காலடி வைத்து நடந்தார்கள். பேண்டும் அதே கணக்கில்தான் வாசித்தது. கொஞ்சம் வேகம் கூடினாலும் அது அவசரமாகத் தெரியும். இன்னும் குறைந்தால் காலை ஊன்றி நிற்பதே கஷ்டமாகிவிடும். பொதுவாழ்வில் இருந்த ஒருவருக்கு அரச மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் இசையைக் காது மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை, காலும் சேர்ந்துதான் தேர்ந்தெடுக்கிறது.

இதை மறந்துவிட்டுத்தான் நிறையப் பேர் “அவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?” என்று தொடங்குகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால், அந்த இசை ஒலிக்கும்போது அங்கே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று பார்த்துவிட வேண்டும். பெட்டி நகர்ந்துகொண்டிருக்கிறதா, ஓரிடத்தில் நிற்கிறதா? அதைப் பொறுத்து விடையே மாறிவிடும்.

முதலில் தெரு. இங்கே பேண்டுக்குப் போட்டியே இல்லை. வயலின் கூட்டம் எவ்வளவு உருக்கமாக வாசித்தாலும் திறந்தவெளியில் காற்று அதைத் தின்றுவிடும். பித்தளை வாத்தியங்களும், துணி போர்த்தி ஒலியை அமுக்கிய டிரம்களும்தான் கூட்டத்தைத் தாண்டிக் கேட்கும். ஊர்வல மெட்டுக்கு இன்னொரு பெரிய வசதியும் உண்டு: அது காத்திருக்கும். வண்டி தாமதமானால் ஒரு பகுதியைத் திரும்ப வாசிக்கலாம், சீக்கிரம் வந்துவிட்டால் அந்தச் சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பல்லவி, சரணம் என்று ஒரு கதையைச் சொல்லி முடிக்கும் பாட்டில் இது முடியாது.

எந்த மெட்டு என்பதில்தான் உண்மையான போட்டி. இசையமைப்பாளர் ஷோபின் தன் இரண்டாவது பியானோ சொனாட்டாவில் (பல பகுதிகள் கொண்ட பியானோ இசையில்) எழுதிய இறுதி ஊர்வல மெட்டு எல்லோருக்கும் தெரியும். 1849-இல் பாரிஸில் அவரை அடக்கம் செய்தபோதே அதை வாசித்தார்கள். 1963-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் இறுதி ஊர்வலத்திலும் அது ஒலித்தது. அதன் நடுவில் மேஜர் ஸ்கேலுக்கு (பிரகாசமாக ஒலிக்கும் சுர வரிசைக்கு) மாறி, தாலாட்டு மாதிரி ஒரு பகுதி வரும். அதைக் கேட்டால் மனம் இளகாமல் இருக்காது. ஆனால் தொடக்கத்தில் வரும் அந்தச் சில சுரங்களைக் கார்ட்டூன்களிலும் நகைச்சுவைக் காட்சிகளிலும் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். கூட்டத்தில் ஒரு குழந்தைக்குச் சிரிப்பு வந்தால் அந்தக் குழந்தையைக் குற்றம் சொல்ல முடியாது.

இசையமைப்பாளர் ஹாண்டல் 1738-இல் ‘சவுல்’ என்ற இசை நாடகத்துக்காக எழுதிய மெட்டு வேறு ரகம். சவுல் ராஜாவும் அவன் மகன் யோனத்தானும் போரில் மாண்ட பிறகு வரும் இசை அது. ஆச்சரியம் என்னவென்றால், அது சோகத்துக்கு வழக்கமான மைனர் ஸ்கேலில் இல்லை. சி மேஜர், வெட்டவெளிச்சமான ஸ்கேல். அழுகையை அது பிழிந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் இடையில் மூச்சுவிட இடம் வைத்து, நிமிர்ந்து நிற்கச் சொல்கிறது. குடும்பத்துக்கு இறந்தவர் அப்பாவோ அம்மாவோ. தெருவில் நிற்கிறவர்களில் பலர் அவரை ஒரு தடவைகூட நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் போய் அழு என்று கேட்காத இசைதான் தெருவுக்குச் சரி. இரண்டில் ஒன்று என்றால் நான் ஹாண்டலைத்தான் சொல்வேன்.

பீத்தோவன் எழுதியதாக நெடுங்காலம் நம்பப்பட்ட ஒரு ஊர்வல மெட்டும் உண்டு. உண்மையில் எழுதியவர் வால்ஷ் என்ற ஜெர்மானியர். எலிசபெத் அரசிக்கும் அது வாசிக்கப்பட்டது. நல்ல மெட்டு, தேர்ந்தெடுத்தால் தவறில்லை. பீத்தோவன் நிஜமாகவே எழுதிய மூன்றாவது சிம்பொனியின் இரண்டாம் பகுதியை மட்டும் தெருவுக்குக் கொண்டுவர வேண்டாம். கென்னடி சுடப்பட்டு இறந்த செய்தி வந்த மதியமே பாஸ்டனில் சிம்பொனி குழுவினர் திட்டமிட்ட நிகழ்ச்சியை இடையில் நிறுத்தி அதை வாசித்தார்கள். அது உட்கார்ந்து கேட்க வேண்டிய இசை.

அடுத்தது அரங்கத்துக்குள். பிடித்த பாட்டா, சேர்ந்திசையா (பாடகர் குழு சேர்ந்து பாடுவதா) என்ற சண்டை இங்கேதான் வரும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ் ஒப்பிட்டுப் பார்க்க 1997 செப்டம்பர் 6 நமக்கு இடம் தருகிறது. இளவரசி டயானாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பாடகர் எல்டன் ஜான் பியானோ முன் உட்கார்ந்து பாடினார். 1973-இல் மர்லின் மன்றோவை நினைத்து வந்த பாட்டு, வரிகளை மாற்றி எழுதியிருந்தார்கள். வெளியே நின்ற கூட்டமும் தங்களுடையது என்று எடுத்துக்கொண்ட இசை அது. மேடையில் அந்த வரிகளை அவர் மறுபடி பாடவில்லை. அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் பெட்டியைத் தோளில் ஏற்றி வெளியே எடுத்துச் சென்றபோது அந்தப் பாட்டு ஒலிக்கவில்லை. இசையமைப்பாளர் ஜான் டேவ்னர் 1993-இல் எழுதிய ஒரு சேர்ந்திசை ஒலித்தது. விபத்தில் இறந்த ஓர் இளம்பெண்ணுக்காக அவர் எழுதியது அது. அடியில் தம்பூரா போல ஒரே சுருதி விடாமல் நிற்க, மேலே குரல்கள் மெல்ல ஏறி, ஓரிடத்தில் திடீரென்று வெளிச்சம் மாதிரி விரியும். பாட்டு பெட்டி நின்றிருந்தபோது வந்தது, சேர்ந்திசை அது நகர்ந்தபோது வந்தது. இந்த வரிசையை மாற்றியிருந்தால் இரண்டும் கெட்டுப்போயிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். பாட்டில் வார்த்தைகள் இருக்கின்றன, கேட்கிறவர் அவற்றைப் பின்தொடர்வார். பெட்டி நகரும்போது கண் பெட்டியின் மேல் இருக்க வேண்டும்.

ஆகவே பிடித்த பாட்டு வேண்டும் என்றால் வையுங்கள், ஒன்றே ஒன்று, எல்லோரும் அமர்ந்திருக்கும் நேரத்தில். நேரில் பாட ஆள் கிடைக்காவிட்டால், பதிவைப் போடுவதைவிட ஒரே வாத்தியத்தில் மெட்டை மட்டும் வாசிக்கலாம். ஸ்பீக்கரில் இருந்து வரும் குரல் அந்த அறையின் மௌனத்தோடு ஒட்டாது.

சேர்ந்திசை என்றால் பெரிய குழு வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். 2021-இல் கொரோனா கட்டுப்பாட்டுக்கு நடுவே இளவரசர் பிலிப்பின் சடங்கில் நான்கே பேர் பாடினார்கள், வந்திருந்தவர்கள் 30 பேர். இசையில் பெரும்பாலானதை அவரே உயிரோடு இருக்கும்போது தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். அந்த நான்கு குரல்களும் தேவாலயத்தை நிறைத்தன.

வந்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து பாடுவது மூன்றாவது வழி. எலிசபெத் அரசிக்கு 1947-இல் நடந்த திருமணத்தில் பாடிய கீதத்தையே அவரது இறுதிச் சடங்கிலும் பாடினார்கள். இதைவிட நெருக்கமான தேர்வு எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு விஷயம்: சுருதியை வழக்கத்தைவிட ஒரு கட்டை இறக்கி வையுங்கள். அழுது தொண்டை அடைத்தவர்களால் மேல்ஸ்தாயியை எட்ட முடியாது. பாதியில் எல்லோரும் நிறுத்திவிட்டால் பாடகர் குழு மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

கடைசியாக, தனி வாத்தியம். எலிசபெத் அரசியின் சடங்கில் பேக்பைப் கலைஞர் ஒருவர் வாசித்துக்கொண்டே நடந்து விலகினார். ஒலி தேய்ந்து தேய்ந்து மறைந்தது. நூறு பேர் கொண்ட பேண்டால் செய்ய முடியாத காரியம் அது. ஆனால் இருப்பதிலேயே ஆபத்தான தேர்வும் இதுதான், தவறினால் மறைக்க யாரும் இல்லை. 1963 நவம்பர் 25 அன்று ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் கென்னடிக்காகப் பியூகிள் என்ற ஊதுகொம்பை ஊதிய வீரர் குளிரில் நெடுநேரம் நின்றிருந்தார். மொத்தம் 24 சுரங்கள். ஆறாவது சுரம் உடைந்தது. கேட்டவர்கள் பலருக்கு அது ஒரு விம்மல் போலவே பட்டது.

தனி வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்தால் வாசிப்பவரை முன்கூட்டியே குளிரிலோ வெயிலிலோ நிறுத்திவைக்காதீர்கள், உதட்டைப் பதப்படுத்திக்கொள்ளப் பக்கத்தில் ஒரு மூடிய இடம் கொடுங்கள். அவர் வாசித்து முடித்ததும் பேண்டு மறுபடி தொடங்க வேண்டாம் என்று நிகழ்ச்சி நிரலிலேயே எழுதிவிடுங்கள்.