ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பா, வாவ் கிளாசிக்கா?

இரண்டும் இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ரோல்-பிளே கேம்கள் (வாவ் என்பது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்). முன்னது 2013-இலும் பின்னது 2019-இலும் பழைய வடிவத்தை மீட்டுக் கொண்டுவந்தவை. ஆடும் விதத்தில் இரண்டுக்கும் ஒட்டுறவே இல்லை.

ரூன்ஸ்கேப்பில் எல்லாமே 0.6 விநாடி 'டிக்' கணக்கில் ஓடும். நெட் சற்று மந்தமாக இருந்தாலும் சமாளிக்கலாம், மொபைலிலும் ஆடலாம். உண்மையான பரீட்சை ஃபைட் கேவ்ஸ் குகையில், எதிரிகளின் 63-ஆவது அலையில் வரும் ஜாட் என்ற அரக்கன். முன்னங்கால்களைத் தூக்கி நின்றால் மந்திரத் தாக்குதல். தரையில் ஓங்கி மிதித்தால் ரேஞ்ச், அதாவது தொலைதூரத் தாக்குதல். அசைவைப் பார்த்த உடனே அதைத் தடுக்கும் பிரேயருக்கு (காப்புப் பிரார்த்தனைக்கு) மாற வேண்டும். தவறினால் ஒரே அடியில் 97 உயிர்ப்புள்ளி வரை போகும். ஜாட்டின் உயிர் பாதியானதும் அதைக் குணப்படுத்தும் ஹீலர்கள் வந்ததும்தான் பலர் சாகிறார்கள், ஜாட்டை விட்டுக் கண்ணை எடுப்பதால். ஒவ்வொரு ஹீலரையும் ஒருமுறை தாக்குங்கள், உங்கள் பக்கம் திரும்பிவிடும். இலவசக் கணக்கில் இந்தக் குகை கிடையாது, மெம்பர்ஷிப் வேண்டும்.

பொறுமையைச் சோதிப்பது லெவல்தான். ஒரு திறனில் 99-ஆவது லெவலுக்கு 1,30,34,431 எக்ஸ்பி (அனுபவப் புள்ளிகள்); 92-ஐத் தொட்டால்தான் பாதி.

வாவ் கிளாசிக்கின் உயிர் கூட்டு ஆட்டம். மோல்ட்டன் கோர் என்ற ரெய்டுக்கு (பெருங்குழுச் சண்டைக்கு) 40 பேர் வரை சேரலாம். தனியாக ஆடுபவருக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். இங்கே ஹீலர் என்பவர் கூட்டாளிகளைக் குணப்படுத்தும் ஆட்டக்காரர். புது ஹீலர்கள் மிக உயர்ந்த ரேங்க் ஹீலையே (குணப்படுத்தும் மந்திரத்தையே) போட்டு, மந்திரத்துக்கான சக்தியான மானாவைத் தீர்த்துவிடுகிறார்கள். மானா செலவழித்த பின் 5 விநாடிக்கு ஸ்பிரிட் என்ற பண்பின் வழி மானா மீட்பு நின்றுவிடும். சிறு காயத்துக்குக் கீழ் ரேங்க் ஹீலைப் போட்டு, இடைவெளி விடுங்கள்.